புதுப் பஸ் ஸ்டாண்ட் கட்டப் போகிறார்கள், யாரிடம் போய்க் கேட்பது?

கோணல் ஸ்கேல் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கட்டடக்கலை படித்துவிட்டு ஒரு சின்ன கன்சல்டன்சியில் மூன்று வருடமாக இருக்கிறேன். ஒரு மாவட்டத் தலைநகரில் (ஊர் பெயர் வேண்டாம்) ஊர் நடுவே இருக்கும் பஸ் ஸ்டாண்டை மூடிவிட்டு, 4 கிலோமீட்டர் தள்ளி பைபாஸ் ஓரம் புதிதாகக் கட்டப் போகிறார்கள். அதற்குச் சமூகத் தாக்க மதிப்பீடு எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கெடு 20 நாள்.

கருத்துக் கேட்க வேண்டியவர்கள் என்று அலுவலகத்தில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள். வர்த்தகர் சங்கம், ஆம்னி பஸ் உரிமையாளர்கள், கவுன்சிலர்கள், போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளர், டிராஃபிக் போலீஸ், ஒரு சேவைச் சங்கம். போன வாரம் கல்யாண மண்டபத்தில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் நடந்தது. 43 பேர் வந்தார்கள். பெண்கள் இரண்டு பேர்தான். அதில் ஒருவர் கவுன்சிலர், ஆனால் பேசியது அவருடைய கணவர். கடை எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும், பார்க்கிங் வேண்டும், இவ்வளவுதான் கோரிக்கை. மீதி நாற்பது நிமிடமும் புது நிலையத்துக்கு யார் பெயர் வைப்பது என்பதிலேயே போய்விட்டது. சமோசா நன்றாக இருந்தது.

இதை வைத்து அறிக்கை எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. வேறு யாரைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சும்மா ஒருத்தன்

கேட்டு என்ன ஆகப்போகிறது? டெண்டர் முடிந்திருக்கும். கருத்துக் கேட்புக் கூட்டம் என்பது பெண் பார்த்து, நிச்சயம் செய்து, பத்திரிகையும் அடித்த பிறகு பெண்ணிடம் ‘மாப்பிள்ளை பிடிச்சிருக்கா’ என்று கேட்பது மாதிரி.

ரசமட்டம்

தம்பி, 31 வருடம் அரசுக் கட்டடம் கட்டி ஓய்வு பெற்றவன் நான். மேலே சொன்னவர் கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். முதலில் ஒன்று சொல்லுங்கள், நிர்வாக அனுமதி வந்துவிட்டதா, தொழில்நுட்ப அனுமதியும் வந்துவிட்டதா? இரண்டும் வந்திருந்தால் வரைபடத்தில் ஒரு சுவரைத் தள்ளுவது சுலபமில்லை. திருத்திய மதிப்பீடு போட வேண்டும், மேலே அனுப்ப வேண்டும், அப்புறம் தணிக்கையில் ‘முதலிலேயே ஏன் யோசிக்கவில்லை’ என்று கேள்வி வரும். அதற்குப் பயந்தே பல பொறியாளர்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை.

இன்னொன்று. பஸ் ஸ்டாண்ட் வரைபடத்தைத் தீர்மானிப்பது பஸ்ஸும் அல்ல, பயணியும் அல்ல. கடைதான். கட்டுமானக் கடனை எப்படி அடைப்பது என்ற கணக்கில் கடை ஏலமும் வாடகையும் முதல் வரியில் வரும். எத்தனை கடை வேண்டும் என்பது முடிவான பிறகுதான் நடைமேடை எவ்வளவு அகலம் என்ற பேச்சே. உங்கள் கூட்டத்தில் வர்த்தகர்கள் கடையைக் கூட்டச் சொன்னார்கள் என்றால் நகராட்சியும் உள்ளுக்குள் அதையேதான் விரும்பியிருக்கும்.

கோணல் ஸ்கேல்

ஐயா, நிர்வாக அனுமதி வந்துவிட்டது. தொழில்நுட்ப அனுமதி இன்னும் இல்லை. வரைபடம் ‘வரைவு’ நிலையில்தான் இருக்கிறது.

ரசமட்டம்

அப்படியானால் கதவு இன்னும் ஒரு சாண் திறந்திருக்கிறது. காலை உள்ளே வையுங்கள்.

ஷரத்து

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். நிறைய பேர் அரசுக் கட்டடம் எது கட்டினாலும் மக்களைக் கேட்டாக வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்குவது 2013-ம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம். 2014 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஊராட்சியையோ நகராட்சியையோ கலந்து மதிப்பீடு செய்ய வேண்டும், பாதிக்கப்படும் இடத்திலேயே பொது விசாரணை நடத்த வேண்டும், ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. நிலம் சொந்தமாக இல்லாவிட்டாலும், அந்த இடத்தை நம்பி மூன்று வருடமாகப் பிழைப்பவர் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்ற வரையறைக்குள் வருவார். நல்ல சட்டம். ஆனால் நிலத்தை எடுத்தால்தான் அது பேசும். அரசு தன் புறம்போக்கிலேயே கட்டிக்கொண்டால் வாய் திறக்காது.

சரி, சுற்றுச்சூழல் பக்கம்? 2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டினால் முன் அனுமதி வாங்க வேண்டும். ஆனால் கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து அதே அறிவிக்கை விலக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு சுரங்கத்துக்கோ அனல்மின் நிலையத்துக்கோ ஊரைக் கூட்டிக் கேட்பார்கள். தினமும் பல்லாயிரம் பேர் கால் வைக்கும் கட்டடத்துக்குக் கேட்க வேண்டியதில்லை.

ஆக, கோணல் ஸ்கேல், உங்களை யாரோ இந்த மதிப்பீட்டை எழுதச் சொன்னதே பெரிய விஷயம். அனேகமாக நிதி கொடுக்கும் இடத்தில் போட்ட நிபந்தனையாக இருக்கும்.

உங்களுக்கு உதவக்கூடிய சட்டம் இரண்டு உண்டு. ஒன்று 2014-ம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம். அதன்படி அமைக்க வேண்டிய நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் தெருவோர வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். உங்கள் பட்டியலில் வர்த்தகர் சங்கம் இருக்கிறது, இந்தக் குழு இல்லை. கடை வைத்திருப்பவரும் கடை முன்னால் கூடை வைத்திருப்பவரும் ஒரே கட்சி இல்லை, பல ஊரில் எதிர்க்கட்சி. மற்றொன்று 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டட வரைபடத்துக்கு அனுமதியே தரக்கூடாது என்கிறது. அந்த விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்ததை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லி, கட்டாய விதிகளை வகுக்கச் சொன்னது.

சும்மா ஒருத்தன்

ஒரு சந்தேகம். ஸ்டேக்ஹோல்டர் என்பதை அரசு ஆவணங்களில் ‘பங்குதாரர்’ என்று போடுகிறார்களே, பங்குதாரர் என்றால் லாபத்தில் பங்கு உண்டல்லவா? அந்தக் கூடைக்காரம்மாவுக்கு என்ன பங்கு?

ஷரத்து

நியாயமான சந்தேகம். எனக்கும் அந்தச் சொல் பிடிக்காது. ‘தொடர்புடையோர்’ என்று எழுதுங்கள் என்றால் சப்பென்று இருக்கிறதாம்.

கடைசி சீட்

பெரிய அளவில் இது எப்படிப் போகும் என்பதற்குச் சென்னையையே பார்க்கலாம். கோயம்பேடு 2002-ல் திறந்தது. பாரிமுனையிலிருந்து வெளியூர் பஸ்கள் அங்கே மாறின. அப்போதும் ‘ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைக்கிறார்களே’ என்று புலம்பல்தான். பதின்மூன்று வருடம் கழித்து 2015-ல் மெட்ரோ வந்தது. அதற்குள் ஊரே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

அப்புறம் தெற்குப் புறநகரில் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30-ம் தேதி திறப்பு. 88 ஏக்கர், சுமார் 394 கோடி ரூபாய். கட்டடத்தைக் குறை சொல்ல முடியாது, விசாலமானது, வெளிச்சமானது. ஆனால் கோயம்பேட்டிலிருந்து கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். தண்டவாளம் பக்கத்திலேயே ஓடுகிறது, ஆனால் திறந்த அன்று அங்கே ரயில் நிலையம் இல்லை. மெட்ரோ திட்ட அளவில்தான் இருந்தது. ஆம்னி பஸ்களை மாற்றுவது உயர் நீதிமன்றம் வரை போனது. 2024 பிப்ரவரியில் நள்ளிரவில் பஸ் கிடைக்காத பயணிகள் ஜி.எஸ்.டி. சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள்.

இதில் எனக்கு உறைத்தது ஒன்று. கிளாம்பாக்கத்தால் அதிகம் அலைந்தவர் கிளாம்பாக்கத்தில் இல்லை. திருவொற்றியூரில் இருக்கிறார், எண்ணூரில் இருக்கிறார், ஆவடியில் இருக்கிறார். விழுப்புரத்தில் அம்மாவைப் பார்க்கப் போகிறவர் முன்பு ஒரு மணி நேரத்தில் வெளியூர் பஸ்ஸில் ஏறினார், இப்போது ஊரையே குறுக்காகக் கடந்து வந்து ஏற வேண்டும். கட்டட மனையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று வட்டம் போட்டு ஆய்வு செய்தால் அவர் வட்டத்துக்குள்ளேயே வரமாட்டார். கட்டடம் போய்ச் சேர்ந்த இடத்தை அளக்கிறோம், அது விட்டுப்போன இடத்தை அளப்பதில்லை.

பைபாஸ் பிளாட்

ஒரு தலைப்பட்சமாகப் போகிறது. தாம்பரம், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி ஆட்களைக் கேளுங்கள். அவர்கள் முன்பு தெற்கே போகவே வடக்கே கோயம்பேடு வரை போய்விட்டு அதே வழியில் திரும்பி வந்தார்கள். அல்லது பெருங்களத்தூரில் ரோட்டோரம் இருட்டில் நின்று கை காட்டினார்கள். அவர்களுக்கு இது வரம். ஊருக்குள் பஸ் நுழைவது குறைந்ததால் மூச்சு விட்டவர்களும் இருக்கிறார்கள். அலைச்சலை மட்டும் எழுதுவதா?

சரி, என் பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரிலும் பைபாஸில் புது நிலையம் வருகிறது என்ற பேச்சைக் கேட்டு பக்கத்தில் ஒன்றரை கிரவுண்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். வங்கிக் கடன். அது வராவிட்டால் நான் காலி. நானும் ஸ்டேக்ஹோல்டர்தானே?

கடைசி சீட்

நீங்களும்தான். நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. தாம்பரம் பக்கம் சொன்னது சரிதான், நான் விட்டுவிட்டேன். ஆனால் ஒன்று, உங்களைத் தேடிப் போய்க் கேட்க வேண்டிய அவசியமே இருக்காது. கூட்டம் எங்கே நடந்தாலும் நீங்களே வந்துவிடுவீர்கள்.

வெண்கோல்

நான் பார்வையற்றவன். கைபேசி வாசிப்பான் வைத்து இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் புது பஸ் ஸ்டாண்டைப் பற்றிச் சொல்கிறேன். பழையது அழுக்கானது, ஆனால் எனக்கு மனப்பாடம். டீக்கடை பாய்லர் சத்தம் வந்தால் மதுரை வண்டி, ஆவின் பூத் தாண்டி எட்டு எடுத்து வைத்தால் டவுன் பஸ். கண்டக்டர்கள் கூவுவதும் தெளிவாகக் கேட்கும், ஏனென்றால் கூரை தாழ்வு. புதியதில் கூரை நாற்பதடி உயரத்தில் தகரம். எல்லாக் குரலும் மேலே போய் முட்டி ஒன்றாகக் கலந்து கீழே இறங்குகிறது. ‘திண்டுக்கல், திண்டுக்கல்’ என்று எந்தத் திசையில் கூப்பிடுகிறார்கள் என்று தெரியவில்லை. பஸ் எந்த மேடையில் நிற்கும் என்பதை எல்.இ.டி. பலகையில் போடுகிறார்கள். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு வேண்டியது மாறாத இடம்.

தரையில் தொட்டுணரும் ஓடு பதித்திருக்கிறார்கள், மஞ்சள் நிறமாம். அது நேரே என்னைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பூந்தொட்டியில் விட்டது. தொட்டி திறப்பு விழாவுக்கு வைத்ததாம், எடுக்க மறந்துவிட்டார்களாம். சாய்தளமும் இருக்கிறது. சரியான சரிவு, ஒன்றுக்குப் பன்னிரண்டு, கைப்பிடி எல்லாம். குறுக்கே சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள், பைக்கை ஏற்றிவிடுகிறார்களாம். சாவி நேரக் காப்பாளரிடம். சக்கர நாற்காலியில் வரும் என் நண்பர் அந்தச் சாவிக்காக ஒரு ஆளை அனுப்பிவிட்டுக் கீழே காத்திருப்பார்.

சரிபார்ப்புப் பட்டியலில் சாய்தளத்துக்கு ‘உண்டு’ என்று டிக் விழுந்திருக்கும். அதனால் தம்பி, கட்டுவதற்கு முன் ஒரு முறை கேட்டால் போதாது. திறந்து ஆறு மாதம் கழித்து அதே ஆட்களைக் கூட்டிக்கொண்டு திரும்ப நடக்க வேண்டும். அதற்கு ஒரு வரி அறிக்கையில் போடுங்கள், செலவு உள்பட.

பூக்காரம்மா மகள்

இந்த இழையில் கூடைக்காரம்மா, கூடைக்காரம்மா என்று எல்லாரும் சொல்கிறீர்கள். என் அம்மா இருபத்து மூன்று வருடம் பஸ்ஸில் பூ கொண்டுபோய் விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தார். அதனால் சொல்கிறேன்.

அம்மாவின் பஸ் ஸ்டாண்ட் அதிகாலை மூன்றரையிலிருந்து ஐந்து மணி வரைதான். அதற்கப்புறம் அது வேறு யாருடையதோ. பதினொரு மணிக் கூட்டத்துக்கு அம்மா வரவே முடியாது, அது அவர் தூங்கும் நேரம். நீங்கள் கூட்டம் போட்ட நேரமே பாதிப் பேரை வெளியே தள்ளிவிட்டது.

கூடையை இறக்க ஓர் இடம் வேண்டும், இடுப்பு உயரத்தில். தரையில் வைத்தால் திரும்பத் தூக்கித் தலையில் வைக்க இன்னோர் ஆள் வேண்டும். பழைய ஸ்டாண்டில் ஒரு உடைந்த சிமெண்ட் திண்ணை இருந்தது, அதில் எல்லாரும் வைப்பார்கள். ‘மேம்பாடு’ வந்தபோது முதலில் இடித்தது அதைத்தான். பதிலுக்கு எவர்சில்வர் நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் நடுவே கைப்பிடி. கூடை வைக்க முடியாது, படுக்கவும் முடியாது. பெரியாஸ்பத்திரியில் அட்மிட் ஆனவருக்குத் துணையாக வந்தவர்கள் இரவில் எங்கே படுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்?

கழிப்பறை பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு கணக்கு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. டவுன் பஸ் மேடையில் நிற்பவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள், அப்புறம் வரைபடத்தில் ஆண்களுக்கு எத்தனை, பெண்களுக்கு எத்தனை என்று பாருங்கள்.

பெண்களைக் கேட்கப் பெண்ணை அனுப்புங்கள். உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.

கோணல் ஸ்கேல்

அக்கா, வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஆண்கள் பக்கம் மொத்தம் 26, பெண்கள் பக்கம் 10. ஆண்களுக்குச் சிறுநீர்த் தொட்டிகளைச் சேர்த்தால் அப்படித்தான் வரும் என்றார் எங்கள் சீனியர். நாளை நானும், கூட வேலை செய்யும் தோழியும் அதிகாலையில் பழைய ஸ்டாண்டுக்குப் போகிறோம்.

சிங்கிள் விசில்

நான் கண்டக்டர். போகிறபோது எங்களையும் கேளுங்கள் தம்பி. கிளை மேலாளரைக் கேட்டால் எங்களைக் கேட்ட மாதிரி ஆகாது. நைட் ஹால்ட் வண்டிக்காரர்களுக்குக் குளிக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கூட்டிப் பெருக்கும் அம்மாக்கள் எங்கே உடை மாற்றுகிறார்கள் என்றும் பாருங்கள். இதுவரை நான் பார்த்த எந்த ஸ்டாண்டிலும் மாடிப்படிக்குக் கீழேதான்.

இன்னொன்று, 4 கிலோமீட்டர் தள்ளிப் போனால் ஊருக்குள்ளிருந்து அங்கே போக டவுன் பஸ் யார் விடுவார்கள், எத்தனை நடை, கடைசி நடை எத்தனை மணிக்கு? கட்டடத்துக்குக் கோடி ஒதுக்குவார்கள், இதற்கு ஒரு வண்டி கூடுதலாகத் தர மாட்டார்கள்.

கோணல் ஸ்கேல் (மூன்று நாள் கழித்து)

போய் வந்தோம். இரண்டு அதிகாலை, ஒரு முழுப் பகல், ஒரு இரவு.

முதல் பஸ் 3.50-க்கு. அதற்கு முன்பே 31 கூடைகள் வரிசையாக இருந்தன. பூ, கீரை, ஒரு கூடையில் கோழி. கண்டக்டர் மேலே ஏறி நின்று வாங்கி அடுக்குகிறார். அந்தப் பதினைந்து நிமிடம் எங்கள் வரைபடத்தில் எங்குமே இல்லை. பஸ் கூரைக்கும் மேடைக் கூரைக்கும் நடுவே ஆள் குனிந்து நிற்கும் உயரம் வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை, எனக்கும்தான்.

ஏழு மணிக்கு மேல் ஆஸ்பத்திரிக் கூட்டம். அரசு மருத்துவமனை பழைய ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரம். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வாங்க மாதம் ஒரு முறை வரும் வயதானவர்கள்தான் அதிகம். ‘பைபாஸில் இறக்கிவிட்டால் என்ன செய்வீர்கள்’ என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். யோசித்துவிட்டு, ‘மாசாமாசம் வரமாட்டேன், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவேன்’ என்றார். ‘மாத்திரை?’ என்றேன். ‘ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்க வேண்டியதுதான்’ என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார், குறையாகச் சொல்லவில்லை.

இதை அறிக்கையில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

பூக்காரம்மா மகள்

அவர் சொன்னபடியே எழுதுங்கள். தலைப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கடைசி சீட்

எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்காக இறங்குகிறார்கள் என்று ஒரு முழு நாள் எண்ணி, அதையும் பக்கத்தில் வையுங்கள். எண் இல்லாத கதையை ‘உருக்கமாக இருக்கிறது’ என்று சொல்லி ஓரம் கட்டிவிடுவார்கள். வெறும் எண்ணாக இருந்தால் ‘டவுன் பஸ் விட்டுக்கொள்ளலாம்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

சும்மா ஒருத்தன்

நான் கிண்டலடித்துக்கொண்டிருந்தேன், மன்னிக்கவும். ஒரு யோசனை. வரைபடத்தைக் காட்டிக் கருத்துக் கேட்காதீர்கள். எனக்கே வீட்டு பிளான் புரியவில்லை, கிரகப்பிரவேசத்தன்றுதான் சமையலறை சின்னது என்று தெரிந்தது. கட்டுவதற்கு முன் கொத்தனார் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுவார் பாருங்கள், அந்த மாதிரி நிஜ அளவில் போட்டுக் காட்டினால்?

ரசமட்டம்

இது வேலை செய்யும். ஒரு சொந்த அனுபவம். ஒரு ஊரில் சின்ன ஸ்டாண்ட் கட்டினோம். அளவெடுத்து, தரை மட்டம் குறித்து, எல்லாம் முடிந்தது. எதிரே டீக்கடைக்காரர் ‘சார், ஐப்பசியில தண்ணி இங்க வரைக்கும் நிக்கும்’ என்று தன் முழங்காலைக் காட்டினார். நான் அந்த முழங்காலுக்கு டேப் பிடித்து அளந்து, மட்டத்தை ஒன்றரை அடி ஏற்றினேன். மேலதிகாரியிடம் திட்டு வாங்கினேன், மண் நிரப்பும் செலவு கூடியதால். அந்த ஸ்டாண்ட் இன்னும் தண்ணீர் பார்க்கவில்லை. அவரை ஆலோசனைக் கூட்டத்துக்கு யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நானும் கூப்பிடவில்லை, டீ குடிக்கத்தான் போனேன்.

கோணல் ஸ்கேல் (ஆறு நாள் கழித்து)

செய்துவிட்டோம்! பள்ளி மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, பூக்காரர்கள் தூங்கி எழுந்த பிறகு. உடற்கல்வி ஆசிரியர் கபடி கோடு போடும் சுண்ணாம்புத் தூளும் டப்பாவும் கொடுத்தார். நடைமேடை ஒன்றை முழு நீளத்துக்குப் போட்டோம். கடை வரிசை, தூண்கள், கம்பித் தடுப்பு, நாற்காலிகள் எல்லாம் கோடுதான். தூணுக்குப் பதில் ஆள் நிறுத்தினோம். முப்பது பேர் எதிர்பார்த்தோம், வேடிக்கை பார்க்க வந்தவர்களோடு சேர்த்து நூறுக்கு மேல் இருக்கும்.

வரைபடத்தில் கடைக்கும் தடுப்புக் கம்பிக்கும் நடுவே 3 மீட்டர் நடைபாதை. தாராளம். கூடையோடு இரண்டு அம்மாக்கள் எதிரெதிரே நடந்தார்கள், இடிக்கவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது. அப்போது பழைய ஸ்டாண்டில் பழக்கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கோட்டுக்குள் வந்து நின்று, ‘தம்பி, தப்பாப் போட்டிருக்கீங்க. நான் நாலடி வெளிய வருவேன். அதையும் போடுங்க’ என்றார்.

எல்லாரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. சுண்ணாம்பு டப்பாவை வாங்கி அவரே கோடு போட்டார். ‘எல்லாக் கடைக்காரனும் வருவான். பழத்த உள்ள வச்சா எவன் பாப்பான்? வாழைத்தாரு தொங்கவிடக் கம்பி வேணும், அது இங்க வரும். கூல்டிரிங்க்ஸ் பெட்டி இங்க.’ அவர் போட்டு முடித்தபோது 3 மீட்டர் 1.8 ஆகிவிட்டது. அதற்குள் காத்திருப்பவர்களை நிற்கச் சொன்னோம். மறுபடி அந்த இரண்டு அம்மாக்களும் நடந்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டார்கள், ஒருவர் கம்பித் தடுப்பு (கோடுதான்!) மீது ஏறி ‘பஸ்ஸுக்கு அடியிலதான் போகணும்’ என்றார்.

வெண்கோல் அண்ணன் சொன்னதை வைத்து உள்ளூர்ப் பார்வையற்றோர் சங்கத்திலிருந்து இருவரை அழைத்திருந்தோம். அவர்கள் கூரை உயரத்தைப் பற்றியே கேட்டார்கள், தரையைப் பற்றி ஒரே ஒரு வேண்டுகோள்தான்: தொட்டுணரும் ஓடு பதித்த பாதையைக் கடை ஓரமாகப் போடாதீர்கள், நாலடி வெளியே வருபவர்கள் முதலில் வைப்பது அதன் மேல்தான்.

இப்போது என் பிரச்சினை, ‘கடைக்காரர் ஆக்கிரமிப்பு செய்வார்’ என்று அரசு அறிக்கையில் எப்படி எழுதுவது? சீனியர் கூடாது என்கிறார். எழுதினால் அந்த அண்ணன் மேல் வந்துவிடுமோ என்று எனக்கும் பயம்.

ரசமட்டம்

ஆக்கிரமிப்பு என்ற சொல்லே வேண்டாம். ‘கடை முன் காட்சிப்படுத்தும் பட்டை, 1.2 மீட்டர்’ என்று வரைபடத்திலேயே கோடு போட்டு, தரையில் வேறு நிற ஓடு என்று குறிப்பு எழுதுங்கள். நடைபாதை அதற்கப்புறம் 3 மீட்டர். ஒரு வரிசைக் கடையின் ஆழத்தைக் கொஞ்சம் குறைத்தால் அகலம் கிடைத்துவிடும். கடை எண்ணிக்கை குறையாது, அதனால் வருவாய்க் கணக்கில் கை வைத்ததாக யாரும் குதிக்க மாட்டார்கள். கடை ஆழம் குறைந்ததற்கு வர்த்தகர்கள் முணுமுணுப்பார்கள், முன்னால் பட்டை சட்டப்படியே கிடைத்ததைப் பார்த்ததும் அடங்கிவிடுவார்கள். யார் சொன்னது என்று பெயர் போடாதீர்கள்.

இடுப்பு உயரத் திண்ணையை ‘சுமை இறக்கு மேடை’ என்று எழுதுங்கள். திண்ணை என்றால் வெட்டிவிடுவார்கள்.

பூக்காரம்மா மகள்

சுமைதாங்கிக் கல் என்று ஊருக்கு ஊர் வழியோரம் வைத்த நாடு. இன்றைக்கு அதற்கு அரசாங்கப் பெயர் வேண்டியிருக்கிறது.

ஷரத்து

ஆஸ்பத்திரி விஷயம்? அது கட்டடத்தால் தீராது.

கோணல் ஸ்கேல்

தீராது. பழைய ஸ்டாண்டை முழுசாக மூடாமல் டவுன் பஸ்களுக்கும், சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் பஸ்களுக்கும் அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு மாற்று எழுதியிருக்கிறேன். ஒரு நாள் எண்ணிக்கையும் பெரியவர் சொன்னதும் அடுத்தடுத்த பத்தியில். பழைய இடத்தில் வணிக வளாகம் என்று ஏற்கெனவே பேச்சு இருக்கிறதாம், அதனால் இந்தப் பக்கத்தை எடுத்துவிடச் சொல்வார்கள் என்று சீனியர் எச்சரித்தார். எடுக்காமல் அனுப்பியிருக்கிறேன். நேற்று மாலை போய்விட்டது.

பைபாஸ் பிளாட்

பாதி பஸ்தான் பைபாஸுக்கு வருமா? என் ஒன்றரை கிரவுண்டு என்ன ஆவது?

சிங்கிள் விசில்

வாழைத்தார் கம்பி போட்டுக் கடை வையுங்கள் அண்ணே. நாலடி வெளியே வரலாம், இப்போது சட்டப்படி.

கோணல் ஸ்கேல்

:) உடற்கல்வி ஆசிரியர் போன் செய்தார். நாங்கள் போட்ட கோடு இன்னும் அழியவில்லையாம், பையன்கள் அதில் பஸ் விளையாட்டு விளையாடுகிறார்களாம். புதன்கிழமை ஒன்றிய அளவில் கபடி இருக்கிறது, வந்து அழித்துக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்கிறார். கிளம்புகிறேன்.